வீட்டு ஹோமியோபதி மருந்துகளுக்குக் குறிப்பேடு எழுதுவது எப்படி?

தாழம்பூ:
வணக்கம். என் மாமியார் பல ஆண்டுகளாக வீட்டில் ஒரு ஹோமியோபதிப் பெட்டி வைத்திருக்கிறார். சளி, காய்ச்சல், அடிபட்ட வீக்கம் எதுவானாலும் அவரே நான்கு உருண்டைகள் கொடுத்துவிடுவார்; யாருக்கு எது ஒத்துக்கொண்டது என்பதெல்லாம் அவர் நினைவில்தான் இருந்தது. இப்போது அவருக்கு 74 வயது, மறதி தொடங்கியிருக்கிறது. சென்ற மாதம் என் ஆறு வயது மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது, காலையில் கொடுத்தது பெல்லடோனாவா, ஃபெரம் பாஸா என்று அவரால் சொல்ல முடியவில்லை. நான் பாராசிட்டமால் கொடுத்ததும் அவருக்குத் தெரியவில்லை. ஆகவே ஒரு நோட்டுப் போட எண்ணுகிறேன். ஆளுக்கொரு நோட்டு வேண்டுமா, எல்லோருக்கும் தேதிவாரியாக ஒன்றே போதுமா? என்னென்ன எழுத வேண்டும்?

பழையநோட்டு:
ஒரே நோட்டில் ஆளுக்கு இருபது பக்கம் ஒதுக்குங்கள். தனித்தனி நோட்டுகள் வேண்டிய நேரத்தில் கைக்குக் கிடைக்காது என்பது என் அனுபவம். இந்த மருத்துவத்தைத் தொடங்கிய ஹானிமனே எழுதி வைப்பதில் மிகக் கண்டிப்பானவர். நோயாளி சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுத வேண்டும் என்றும், ஒவ்வொரு தொல்லையையும் புது வரியில் தொடங்க வேண்டும் என்றும் அவர் வகுத்தார். அவருடைய நோயாளிக் குறிப்பேடுகள் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. 'காய்ச்சல், பெல்லடோனா' என்று எழுதினால் அடுத்த ஆண்டு அதனால் ஒரு பயனும் இராது, 'மாலை 6.20, 102 டிகிரி, முகம் சிவந்திருக்கிறது, தண்ணீர் வேண்டாம் என்கிறான்' என்று எழுதிய பிறகே மருந்தின் பெயருக்கு வாருங்கள். வீரியத்தையும் விடாமல் குறியுங்கள். நம் ஊர்ப் புட்டிகளில் வெறுமனே 30 என்றிருந்தால் அது நூற்றில் ஒரு பங்காக முப்பது முறை நீர்த்தது. 6எக்ஸ் என்றால் பத்தில் ஒரு பங்காக ஆறு முறை. இரண்டும் வெவ்வேறு கணக்கு.

இரவுப்பணி:
நான் குழந்தைகள் வார்டில் செவிலியர். நூற்றில் ஒரு பங்காகப் பன்னிரண்டு முறை நீர்த்துவிட்டாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது என்பதால், 30 வீரியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நோட்டை முழுமனதோடு வரவேற்கிறேன், ஏனெனில் வார்டுக்கு வரும் தாய்மார்களிடம் நாங்கள் முதலில் கேட்பது 'காய்ச்சல் எத்தனையாவது நாள்?' என்பதைத்தான்.

மழைக்காலத்தில் இது உயிர்ப் பிரச்சினை. டெங்குவில் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான கட்டம். 'உருண்டை கேட்டது, காய்ச்சல் விட்டது' என்று எழுதி நோட்டை மூடிவிட்டால் அந்தக் கட்டத்தைத் தவறவிடுவீர்கள். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள்கள் எழுதுங்கள்: சிறுநீர் எத்தனை முறை, வாந்தி, வயிற்றுவலி, ஈறில் இரத்தம், சோர்வு. இவற்றில் ஏதேனும் கண்டால் காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள். பாராசிட்டமாலையும் அதே வரிசையில், நேரத்தோடும் குழந்தையின் எடையோடும் எழுதுங்கள். இரண்டு வேளைகளுக்கிடையே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். யார் கொடுத்தார் என்பது தெரியாத வீட்டில்தான் இரட்டை டோஸ் விழுகிறது.

பழையநோட்டு:
செவிலியர் சொல்வதை மறுக்க மாட்டேன். மருந்து கேட்காத நாள்களையும் எழுத வேண்டும் என்பதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். என் நோட்டின் முதல் நான்கு ஆண்டுகளில் வெற்றிகள் மட்டுமே இருக்கின்றன, அதாவது தோற்ற நாள்களில் எனக்கு எழுத மனமில்லை! ஒரு வாரத்தில் தானே போகும் சளிக்கு ஆறாம் நாள் மருந்து கொடுத்துவிட்டு, மருந்தைப் புகழ்ந்திருக்கிறேன்.

கருவேலம்:
சிறிய எச்சரிக்கை ஒன்று. சில மருத்துவர்கள் பெயரின்றி எண் மட்டும் எழுதிய புட்டி தருவார்கள். மருந்தின் பெயரைக் கேட்டு வாங்கி நோட்டில் ஏற்றுங்கள். தாய்த் திரவங்களிலும் (நீர்க்காத மூலச் சாறு) குறைந்த வீரியங்களிலும் மூலப்பொருள் உண்மையாகவே இருக்கும். குழந்தைகளுக்கான சில ஹோமியோபதிப் பல்முளைப்பு மாத்திரைகளில், நச்சுச் செடியான பெல்லடோனா முகப்பில் குறித்த அளவைவிட மிகுந்திருந்ததாக அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் அறிவித்தது. மாமியாருக்கு இரத்த அழுத்த மாத்திரை இருந்தால் அதுவும் அவர் பக்கத்தில் முதல் வரியாக இருக்கட்டும்.

தாழம்பூ:
அனைவருக்கும் நன்றி. நேற்று மாமியாரோடு அமர்ந்து பெட்டியைப் பிரித்தோம். 41 புட்டிகளில் 17-இல் பெயர் அழிந்திருந்ததால் அவற்றை ஒதுக்கிவிட்டோம். கேட்காத மருந்துகளையும் எழுத வேண்டும் என்றபோது சற்று முகம் சுளித்தார்; பிறகு, தம் மூட்டுவலிக்கு ரஸ் டாக்ஸ் ஒருநாளும் கேட்டதில்லை என்று அவரே சொல்லி எழுத வைத்தார். தெர்மாமீட்டரை நோட்டோடு சேர்த்துக் கட்டி, பெட்டிக்கு மேலேயே வைத்திருக்கிறேன்.