ஒன்றாம் வகுப்பே எடுக்காதவர் எனக்கு வழிகாட்டியா?

கரும்பலகை:
ஆசிரியர் பயிற்றுநர்கள் வகுப்புக்கு வந்து வழிகாட்டுவதால்தான் தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் ஓடுகிறது என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றாம் வகுப்பில் ஒரு நாள்கூட நிற்காத, மேல் வகுப்புக்கான பட்டதாரி ஆசிரியர் பயிற்றுநராக வந்து, காலமெல்லாம் தொடக்கப் பள்ளியில் கிடக்கும் எனக்கு என்ன வழி காட்டுவார்?

வட்டாரவளம்:
எழுதியது நான்தான். பயிற்றுநர்கள் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் டிஆர்பி தேர்வு எழுதி வந்தவர்கள். அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைப்படி கீழிருந்து மேலாகப் பிரித்த மூன்று குழுவையும் ஒரே அறையில் சமாளிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டாமா?

கரும்பலகை:
டிஆர்பி வினாத்தாளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வந்து அழுததா? போன முறை வந்தவர் கடைசியில் உட்கார்ந்து போனில் படிவம் நிரப்பினார். ட-வையும் ப-வையும் மாற்றி மாற்றி எழுதும் பிள்ளைக்கு என்ன செய்யலாம் சார் என்று கேட்டேன். "அரும்பில் போடுங்க டீச்சர்" என்றார். அது ஏற்கெனவே அரும்பில்தான் இருக்கிறது!

ஏணிப்படி:
2007-ல், அட்டைகளை வைத்துப் பிள்ளைகளே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது எங்களிடம் வந்த பயிற்றுநரும் பட்டதாரிதான். பாயில் உட்கார்ந்து, அட்டையை எடுத்துப் பிள்ளைகளோடு செய்து காட்டினார். செய்துகாட்டினால் போதும், யாராக இருந்தால் என்ன?

கரும்பலகை:
அவர் ஒன்றாம் வகுப்பு எடுத்தவரா, இல்லையா? அதைச் சொல்லுங்கள் சார்.

வட்டாரவளம்:
பயிற்றுநரின் பாதி நாள் எமிஸ் இணையதளத்தில் ஏற்றும் பள்ளி விவரம் கேட்டுப் போன் அடிப்பதிலேயே போகிறது. அதைப் பேச மாட்டீர்கள். தேசியக் கல்விக் கொள்கையே ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது.

ஈராசிரியர்:
அந்தக் கொள்கையை இங்கே இழுக்காதீர்கள். சனிக்கிழமை பயிற்சிக்காகக் குறுவள மையத்துக்குப் போனதற்கு ஈடுசெய் விடுப்பு கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள், முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

வட்டாரவளம்:
விடுப்புக்கும் வழிகாட்டலுக்கும் என்ன சம்பந்தம் மேடம்?

ஈராசிரியர்:
ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கிறோம் சார். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் கதி என்ன? சம்பந்தம் உங்களுக்குத் தெரியாது.

கரும்பலகை:
விடுப்பை அப்புறம் பேசலாம். கலந்தாய்வு விவாதத்திலும் வட்டாரவளம் சார் இப்படித்தான் நழுவினார், நான் மறக்கவில்லை. தொடக்கப் பள்ளியில் பழுத்த இடைநிலை ஆசிரியர் ஒன்றியத்துக்கு நாலு பேர் தேறுவார்கள். அவர்களைப் பயிற்றுநராகப் போட ஏன் மனம் வரவில்லை? இடைநிலை என்றால் இளக்காரமா?

வட்டாரவளம்:
யார் இளக்காரமாகச் சொன்னது? பட்டதாரி என்றாலே நீங்கள்தான் பொருமுகிறீர்கள்.

ஏணிப்படி:
சரி, அந்த ட-ப பிள்ளைக்கு மணலில் எழுதவிட்டுப் பார்த்தீர்களா டீச்சர்?

கரும்பலகை:
மணல், களிமண், புளியங்கொட்டை எல்லாம் பார்த்தாயிற்று சார். வட்டாரவளம் சார், நீங்கள் ஒன்றாம் வகுப்பு எடுத்திருக்கிறீர்களா? ஆமாம், இல்லை, ஒன்று சொல்லுங்கள்.

வட்டாரவளம்:
விதி தெரியாமல் பேசாதீர்கள். நியமனம் என் கையில் இல்லை.

கரும்பலகை:
நான் நியமனத்தைக் கேட்கவில்லை.