அம்மாவுக்கு ஆர்.ஏ., கொலஸ்ட்ரால் கம்மி... அப்புறமும் எதுக்கு ஹார்ட் ரிஸ்க் பாக்கணும்ங்கறாங்க?

மழைக்கிளி:
வணக்கம். அம்மாவுக்கு 58 வயசு. ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் (ஆர்.ஏ., முடக்குவாதம்) வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுக்கு எடுக்கற ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்ட்டி சிசிபி ரத்த டெஸ்ட் ரெண்டுமே பாசிட்டிவ். வாரம் ஒருதடவ ஆர்.ஏ.வ அடக்கற மெத்தோட்ரெக்ஸேட், வலி தாங்கலைன்னா பெயின்கில்லர், ரொம்ப முத்திடுச்சுன்னா கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு, இப்படித்தான் ஓடுது. சிகரெட் கிடையாது, சுகர் இல்ல, பிபி மட்டும் பார்டர்ல நிக்குது. சமீபத்துல மணிக்கட்டு விரலெல்லாம் வீங்கி ரொம்ப படுத்தினப்ப எடுத்த பிளட் டெஸ்ட்ல கொலஸ்ட்ரால் முன்னாடி இருந்தத விட கம்மியா வந்துச்சு, ஃபேமிலி டாக்டர் கம்ப்யூட்டர்ல வயசு பிபி எல்லாம் போட்டுப் பாத்துட்டு 10 வருஷத்துல ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் வர்ற சான்ஸ் 6% தான், பயப்படாதீங்கன்னாரு. மூட்டு டாக்டர்கிட்ட காட்டினா அவரு அந்த நம்பர இவங்களுக்கு அப்படியே எடுத்துக்க முடியாது, வீக்கம் அடங்கினதும் மறுபடி டெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னு சொல்லிட்டாரு. கொலஸ்ட்ரால் கம்மியா இருந்தா நல்லதுதானே? யார் சொல்றத கேக்கறது? அம்மா வேற "மூட்டுக்குப் பாக்கறதே பத்தாதா, இப்ப நெஞ்சுக்குமா"ன்னு புலம்பறாங்க.

பழையமூட்டு:
நானும் ஆர்.ஏ. கேஸ்தான்மா, அதனால சொல்றேன், ரெண்டு டாக்டரும் தப்பா சொல்லல. அந்த கால்குலேட்டர் எல்லாம் பொது ஜனங்கள வச்சு செஞ்சது. ஃப்ராமிங்ஹாம்னு ஒரு கணக்கு இருக்கே, அதுக்கு அடிப்படை 1948ல அமெரிக்காவுல ஒரு ஊர் ஜனங்கள வச்சு ஆரம்பிச்ச ஆய்வு, அதுல வயசு, பிபி, கொலஸ்ட்ரால், சிகரெட், சுகர் எல்லாம் வரும், உடம்புக்குள்ள வருஷக்கணக்கா எரிஞ்சுட்டே இருக்கற அழற்சிக்கு கட்டமே கிடையாது. நம்ம வியாதி மூட்டோட நிக்கறதில்லையே, அதே அழற்சிதான் ரத்தக்குழாய் சுவரையும் பதம் பாக்குது, கொழுப்பு படியறது சீக்கிரம் நடக்குது, படிஞ்சதும் சீக்கிரம் உடையக்கூடியதா ஆகுது. அதான் அந்த கணக்குல போட்டா நமக்கு பெரும்பாலும் கம்மியா காட்டும்.

ராத்திரிடூட்டி:
நான் மெடிசின் டாக்டர், ஆனா உங்கம்மாவ பாக்காததால பொதுவா மட்டும் சொல்றேன்.

மொதல்ல கொலஸ்ட்ரால். ஆர்.ஏ. உச்சத்துல இருக்கறப்ப மொத்த கொலஸ்ட்ரால், எல்.டி.எல்.ங்கற கெட்ட கொழுப்பு, எச்.டி.எல்.ங்கற நல்ல கொழுப்பு எல்லாமே கீழ இறங்கும், ஆனா ஹார்ட் ரிஸ்க் ஏறும். தலைகீழா இருக்கேன்னு தோணும், ஆனா நெசம் அதுதான். மருந்து வேலை செஞ்சு வீக்கம் அடங்கினா கொலஸ்ட்ரால் திரும்ப ஏறும், அதப் பாத்துட்டு மருந்துதான் கெடுத்துடுச்சுன்னு சிலபேர் நிறுத்திடறாங்க, தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க. டோசிலிசுமாப் மாதிரி சில ஊசிகள்ல இந்த ஏத்தம் இன்னும் நல்லா தெரியும். அதனால நோய் அடங்கியிருக்கற நேரத்துல எடுத்த ரிப்போர்ட்டதான் கணக்குக்கு எடுத்துக்கணும், மொத்த கொலஸ்ட்ரால எச்.டி.எல்.லால வகுத்து வர்ற விகிதம் தனி நம்பர விட நம்பகமானது. உங்க மூட்டு டாக்டர் மறுபடி எடுக்க சொன்னது இதுக்காகத்தான் இருக்கணும்.

அடுத்தது அந்த 6%. யூலார்னு ஐரோப்பிய வாதநோய் டாக்டர்களோட அமைப்பு, ஆர்.ஏ. இருந்தா வர்ற நம்பர 1.5 ஆல பெருக்க சொல்லுது. 2010ல சொன்னப்ப ஒரு கண்டிஷன் இருந்துச்சு, பத்து வருஷத்துக்கு மேல வியாதி, ரத்தத்துல பாசிட்டிவ், மூட்டுக்கு வெளியிலயும் பாதிப்பு, இந்த மூணுல ரெண்டு இருந்தாதான் பெருக்கணும்னு. 2017ல வந்த திருத்தத்துல கண்டிஷன எடுத்துட்டு ஆர்.ஏ. உள்ள எல்லாருக்கும்னு மாத்திட்டாங்க. உங்கம்மாவுக்கு பழைய கண்டிஷன்படியே ரெண்டு பொருந்துது. அதனால 6 இல்ல, 9. அதுவும் வீக்கத்தப்ப எடுத்த கொலஸ்ட்ரால வச்சு வந்த 6, மறுபடி டெஸ்ட் எடுத்தா அடிப்படை நம்பரே மாறலாம்.

ஏன்எதற்கு:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், 6ங்கறது 9 ஆச்சு, சரி, 100 பேர்ல 91 பேருக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லையே? அந்த 1.5ம் எல்லாருக்கும் ஒரே சட்டை தைக்கற மாதிரி இருக்கு. கடைசியில ஸ்டாட்டின்ங்கற கொலஸ்ட்ரால் மாத்திரைய எழுதி குடுக்கறதுக்குத்தான் இவ்ளோ சுத்தல்னு எனக்கு தோணுது.

ராத்திரிடூட்டி:
ஞாயமான கேள்விதான். 1.5 ஒரு தோராய சராசரி, அதுல சந்தேகமே இல்ல. வருஷக்கணக்கா சி.ஆர்.பி. (அழற்சிய காட்டற ரத்த டெஸ்ட்) ஏறியே கெடக்கறவங்களுக்கு அது கம்மியா இருக்கலாம், ஆரம்பத்துலயே நல்லா கண்ட்ரோலுக்கு வந்தவங்களுக்கு கூடுதலாவும் இருக்கலாம். அமெரிக்க டாக்டர்களோட 2018 கொலஸ்ட்ரால் வழிகாட்டியில பெருக்கல் கிடையாது, ஆர்.ஏ.வ "ரிஸ்க்க கூட்டற காரணம்"னு போட்டு, நடுவுல தொங்கற கேஸ்ல மாத்திரை பக்கம் சாய்க்க ஒரு காரணமா எடுத்துக்கறாங்க. முடிவு எடுக்க முடியலைன்னா கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன்ல கொழுப்பு படிஞ்சிருக்கான்னு பாக்கலாம், படிவு தெரிஞ்சா அப்புறம் அந்த பர்சென்ட்டேஜ் கணக்குக்கே பெருசா வேலையில்ல.

ஆனா ஸ்டாட்டின் மட்டும்தான் வழின்னு நெனைக்காதீங்க, என் கணக்குல அது ரெண்டாவதுதான். மொத வேலை ஆர்.ஏ.வ அடக்கறது, ஸ்டீராய்டு டோஸயும் நாளையும் முடிஞ்ச அளவு கொறைக்கறது, பெயின்கில்லர தானா வாங்கி முழுங்கறத நிறுத்தறது. டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைங்க பிபியவும் ஏத்தும், ஹார்ட் ரிஸ்க்கயும் ஏத்தும், ஏற்கெனவே ஹார்ட் வியாதி உள்ளவங்களுக்கு அது ஆகவே ஆகாது. பார்டர் பிபின்னு விட்டுவச்சிருக்கீங்களே, அதயும் வீட்ல வச்சு ஒழுங்கா எழுதி வைங்க, வலி மாத்திரை சாப்பிடற நாள்லயும் சாப்பிடாத நாள்லயும்.

பழையமூட்டு:
இன்னொண்ணு, பிற்பாடு மருந்து மாத்தணும்னு பேச்சு வந்தா ஆர்.ஏ.க்கு குடுக்கற டோஃபாசிட்டினிப் மாதிரி ஜாக் வகை மாத்திரைங்க பத்தி அவசியம் கேளுங்க. 50 வயசுக்கு மேல, கூட ஒரு ஹார்ட் ரிஸ்க்காவது இருக்கறவங்கள வச்சு பண்ணின ஆய்வுல, ஆர்.ஏ.க்கே போடற டி.என்.எஃப். வகை ஊசி போட்டவங்கள விட ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் கொஞ்சம் அதிகமா இருந்துச்சு, அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. 2021ல பெரிய எச்சரிக்கையே போட வச்சுட்டாங்க. என் டாக்டர் அதாலதான் எனக்கு ஊசிக்கு போனாரு. மருந்து மாத்தினா ரிஸ்க்கயும் திரும்ப பாக்கணும், மாத்தலைன்னாலும் அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவ.

மழைக்கிளி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆன்லைன்ல தேடினப்ப க்யூரிஸ்க்னு ஒரு ஹார்ட் ரிஸ்க் கால்குலேட்டர் கெடைச்சுது, அதுல ஆர்.ஏ. இருக்கான்னே கேக்குது. அதுல வர்றதயும் 1.5 ஆல பெருக்கணுமா? அப்புறம் அம்மாவுக்கு நெஞ்சுவலியே வந்ததில்ல, ஈசிஜி நார்மல், அது போதாதா?

ராத்திரிடூட்டி:
பெருக்கக் கூடாது, அதுல ஆர்.ஏ. ஏற்கெனவே சேந்துடுச்சு, 2017ல வந்த க்யூரிஸ்க் 3ல ஸ்டீராய்டுக்கும் தனி கேள்வி உண்டு. ஆனா அது பிரிட்டன் ஜனங்கள வச்சு செஞ்சது, வேற நாட்டுக்காரங்களுக்கு நம்பர் அச்சா பொருந்தாது, ஒரு குறிப்பா வச்சுக்கோங்க.

ஈசிஜி இன்னிக்கு எப்படி இருக்குன்னு சொல்லும், பத்து வருஷத்த சொல்லாது. நெஞ்சுவலி வரலைங்கறதயும் ரொம்ப நம்பாதீங்க, ஆர்.ஏ. உள்ளவங்க நெஞ்சுவலின்னு சொல்றது கம்மி, தெரியாமலே வந்துட்டுப் போற அட்டாக் அதிகம். நடக்கறதே கொறைஞ்சுட்டதால மூச்சு வாங்கறதும் வெளிய தெரியாது, வலி வந்தாலும் மூட்டுவலின்னு விட்டுடுவாங்க. புதுசா மூச்சுத் திணறல், காரணமில்லாத அசதி, தாடை கை பக்கம் இறுக்கம்னு எதாவது வந்தா அடுத்த அப்பாயின்மென்ட் வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே போயிடுங்க. கார்டியாலஜிஸ்ட் டிரெட்மில் டெஸ்ட் எழுதினா முட்டி ஒத்துழைக்காதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க, நடக்காம மருந்து ஏத்தி பாக்கற டெஸ்டும் இருக்கு.