மீன் கண்ணுக்குத் தெரிகிறது, தூண்டிலில் மாட்டவில்லை

வணக்கம்ங்க. காங்கேயம் பக்கம் எங்கள் ஊர்க் குட்டையில் பங்குனி பாதியிலிருந்து மூன்று வாரமாகத் தூண்டில் போடுகிறேன், மொத்தம் நாலே ஜிலேபி மீன். மாசியில் ஒரு மணி நேரத்துக்குப் பத்து வந்த அதே இடம்.

தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றி, பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கிறது. காலை 6 மணிக்குப் போனால் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, இரையைச் சீண்டுவதே இல்லை. பாசி ராத்திரியில் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால் விடியும்போது மீனுக்கு மூச்சு முட்டும் என்று தெரியும், அதனால் 9 மணிக்கு மேலும் சாயங்காலமும் போட்டுப் பார்த்துவிட்டேன். அப்போது தக்கை லேசாக நடுங்குகிறது, இழுத்தால் புழு போய் வெறும் முள்தான் வருகிறது. பத்தடி தள்ளி கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று அந்தரத்தில் சிறகடித்து நின்று, தலைகீழாகப் பாய்ந்து கவ்விக்கொண்டு போகிறது (அதைப் பார்த்தே பாதி நேரம் தூண்டிலை மறந்துவிடுகிறேன், அது வேறு கதை).

7 அடி கம்பு, 0.30 மில்லிமீட்டர் நரம்பு, 8ஆம் நம்பர் முள். மண்புழு, பூண்டு தட்டிப்போட்ட மைதா உருண்டை, சோறு எல்லாம் மாற்றியாச்சு. ஈயத்தையும் குறைத்தேன். இதைவிடச் சின்ன முள் இரண்டு கடையில் கேட்டேன், இல்லை. வலை வீசச் சொல்லாதீங்க, பொழுதுபோக்குக்குப் போகிறவன்.

இந்த மாதிரி ஆழமில்லாத பச்சைத் தண்ணீரில் ஜிலேபிக்கு முள்ளைச் சின்னதாக்குவதா, இரையை அடியிலிருந்து மேலே தூக்குவதா, எதை முதலில் மாற்றணும்?