தேவதைக் கதை வரைகிறேன், யோசனை சொல்லுங்கள்

பொகவந்தலாவை டீச்சர்:
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு படக்கதை வரைகிறேன். குட்டித் தேவதைகள் ஒவ்வொருத்திக்கும் ஒரு திறமை. ஒருத்திக்கு மட்டும் தன்னுடையது என்னவென்றே தெரியாது. பூவுக்கு நிறம் தீட்டச் சொன்னால் சாயத்தைக் கொட்டிவிடுகிறாள், பனிமூட்டத்தில் வழி தவறுகிறாள். அவள் திறமையைக் கடைசியில்தான் காட்டுவதா? பிள்ளைகள் ஏமாந்துபோகக் கூடாது.

நுவரெலியா ஓவியன்:
திறமைக்கான குறிப்பை முன்பே தூவிவிடுங்கள் டீச்சர். எழுத்தில் வேண்டாம், படத்தில். மற்றவர்கள் பறக்கும்போது இவள் ஒரு மூலையில், பீலியில் (ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் குழாயில்) ஒழுகும் தண்ணீரை இலையால் திருப்பிக்கொண்டிருக்கட்டும். இரண்டாம் முறை புரட்டும்போது பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். படக்கதைக்கு 32 பக்கம்தான் வழக்கம், அதற்குள் அடக்குங்கள்.

ஹட்டன் அக்கா:
தேவதையை ரோசாப்பூவில் பிறக்க வைக்காதீங்க தங்கச்சி, தேயிலைப் பூவில் பிறக்கட்டும். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து. கொழுந்து பறித்துக்கொண்டே இருக்கிற செடியில் அது அதிகம் பூக்காது. எனக்கு அம்மாதான் இலையை விலக்கிக் காட்டினா.

பொகவந்தலாவை டீச்சர்:
பீலி யோசனை அருமை! வெயில் காலத்தில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பீலி வற்றும்போது ஊற்றைத் திருப்பிக் கொண்டுவருபவள் அவள்தான். அக்கா, தேயிலைப் பூவைக் கிட்டத்தில் எடுத்த படம் இருந்தால் போடுங்களேன்.