‘கனெக்‌ஷன் பெர்மிஷன்ஸ்’: ‘இணைப்புரிமை’ எனலாமா?

வணக்கம். லினக்ஸில் வலையமைப்பு இணைப்புகளைக் கையாளும் மென்பொருளான நெட்வொர்க்மேனேஜரின் தமிழாக்கத்துக்கு வந்த முன்மொழிவு இது:

> நெட்வொர்க்மேனேஜரில் வரும் ‘கனெக்‌ஷன் பெர்மிஷன்ஸ்’ என்பதற்கு ‘வலை அணுகல் கட்டுப்பாடு’ என்று வைக்கலாம்.

இதை ஏற்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த அமைப்பு வலையைக் கட்டுப்படுத்துவதில்லை. இந்தச் சொல்லைத் திரையில் பார்க்கும் பள்ளி ஆசிரியர், மாணவருக்கு இணையம் அடைபட்டுவிட்டது என்று நம்பிவிடுவார்.

நடப்பது இதுதான். ஒரே மடிக்கணினியில் ‘ஆசிரியர்’, ‘மாணவர்’ என்று இரண்டு கணக்குகள். ஆசிரியர் தன் வைஃபை இணைப்பின் பற்சக்கரக் குறியைச் சொடுக்கி, மற்ற பயனர்களுக்கும் தரும் தேர்வுப்பெட்டியில் உள்ள குறியை எடுக்கிறார். உடனே அந்த இணைப்பின் பெர்மிஷன்ஸ் புலத்தில் அவருடைய பயனர் பெயர் ஏறிவிடும். புலம் காலியாக இருந்தால் யாரும் பயன்படுத்தலாம். பெயர் இருந்தால் அவருடைய அமர்வு நடப்பில் இருக்கும்போதுதான் அந்த இணைப்பு இயங்கும்.

ஆனால் மாணவர் கணக்கில் அதே வலையமைப்பின் பெயர் பட்டியலில் தெரியத்தான் செய்யும். அதை ஒலிபரப்புவது ரூட்டர். வைஃபை கடவுச்சொல் தெரிந்த மாணவர் தன் பெயரில் புதிய இணைப்பு போட்டுக்கொள்வார். ஆக, பூட்டப்படுவது சேமித்து வைத்த இணைப்பு மட்டுமே.

கடவுச்சொல்லும் அப்படியொன்றும் பத்திரமாக இல்லை. இணைப்புக் கோப்பு எட்சி (/etc) அடைவில் நெட்வொர்க்மேனேஜரின் ‘சிஸ்டம்-கனெக்‌ஷன்ஸ்’ உள்ளடைவில் இருக்கிறது. உரிமையாளர் ரூட் (கணினி நிர்வாகி), அனுமதி 600 (அவர் மட்டுமே படிக்கலாம், எழுதலாம்). கடவுச்சொல்லை எங்கே வைப்பது என்று சொல்லும் பிஎஸ்கே-ஃபிளாக்ஸ் மதிப்பு 0 என்றால் கடவுச்சொல் அதில் வெறும் உரையாகவே கிடக்கும். 1 என்று மாற்றினால் பயனரின் சாவிக்கொத்துக்குப் போய்விடும். ஆனால் அவர் உள்நுழையும்வரை வைஃபை தானாக இணையாது. மாணவர் கணக்குக்கு சூடோ (நிர்வாகியாகக் கட்டளையிடும்) உரிமை இருந்தால் இவை எதுவும் தடையே அல்ல. முதலில் எடுக்க வேண்டியது அதைத்தான்.

உண்மையான தடை வேண்டுமென்றால் ஃபயர்வாலுக்குப் போக வேண்டும். ஐபிடேபிள்ஸ் என்ற லினக்ஸ் ஃபயர்வால் கருவியில் போட வேண்டிய விதி: அவுட்புட் சங்கிலி (வெளியே போகும் தரவுக்கான விதிப்பட்டியல்), வெளிச்செல்லும் இடைமுகமாக வைஃபை அட்டை, ஓனர் பொருத்தத்தில் மாணவரின் பயனர் எண் (பெரும்பாலும் 1001, ‘ஐடி’ கட்டளையால் சரிபார்க்கவும்), முடிவு ரிஜெக்ட் (மறுப்பைத் தெரிவித்துத் தடுப்பது). டிராப் (பதில் சொல்லாமல் கைவிடுவது) போட்டால் உலாவி காலாவதி ஆகும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். அடிக்கடி தவறுவது ஐபிவி6 (இணைய முகவரி முறையின் புதிய பதிப்பு): ஐபிடேபிள்ஸ் விதி ஐபிவி4-ஐ மட்டுமே தொடும், ஐபி6டேபிள்ஸிலும் அதே விதி வேண்டும். ஐபிடேபிள்ஸுக்குப் பின் வந்த கருவியான என்எஃப்டியில் ஐநெட் குடும்பத்தில் ஒரே விதி இரண்டுக்கும் போதும். தளப்பெயருக்கு முகவரி தேடித்தரும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு சேவை ஓடும் கணினியில் டிஎன்எஸ் (முகவரித் தேடல்) கேள்விகள் அந்தச் சேவையின் பயனர் எண்ணில் வெளியே போவதால், தடைக்குப் பிறகும் தளப்பெயர்களுக்கு முகவரி கிடைக்கும், பக்கம் மட்டும் திறக்காது. விதி வேலை செய்யவில்லை என்று இதை வைத்து முடிவுகட்டக் கூடாது. விதிகளைச் சேமிக்காவிட்டால் மறுதொடக்கத்தில் போய்விடும்.

இந்த இரண்டும் வேறுவேறு வேலைகள், ஆகவே இரண்டு சொற்கள் தேவை. முதலாவதுக்கு இணைப்புரிமை, ஃபயர்வால் விதிக்குப் பயனர்வழித் தடை என்று முன்மொழிகிறேன். ‘இணைப்புரிமை உள்ளவர்கள்’, ‘இணைப்புரிமையை நீக்கு’ என்று பட்டியலிலும் பொத்தானிலும் இடறாமல் பொருந்துகிறது. ‘தனி இணைப்பு’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன்; விபிஎன்-ஐ நாம் ‘மெய்நிகர் தனியார் வலையமைப்பு’ என்று எழுதிவருவதால் குழப்பும்.

> ‘பெர்மிஷன்’ எல்லா இடத்திலும் ‘அனுமதி’ என்றுதானே இருக்கிறது? சீர்மை வேண்டாமா?

கோப்புகளுக்கு ‘அனுமதி’ அப்படியே இருக்கட்டும். அங்கே படிக்க, எழுத, இயக்க என்று படிகள் உண்டு. இங்கே படியே கிடையாது, பெயர் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே. குழுப் பெயரும் ஏற்காது. ‘யூசர்’ என்ற ஒரே வகைதான் செல்லும். உதவிப் பக்கத்தில் ‘பயனர்கள் அல்லது குழுக்கள்’ என்று மொழிபெயர்த்திருப்பதைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.

தேர்வுப்பெட்டிக்கு ‘எல்லாப் பயனர்களும் இந்த வலையமைப்பில் இணையலாம்’ என்பதைவிட ‘இந்த இணைப்பை எல்லாப் பயனர்களும் பயன்படுத்தலாம்’ என்று வைப்போம். குறியை எடுப்பவருக்கு எது பூட்டப்படுகிறது என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடும்.