கூட்டு இலிப்பிட்டுகள்: தரம் 12 பிள்ளைகளுக்கு எப்படிப் பிரித்துச் சொல்வது, எதைச் செய்துகாட்டுவது?

களுவாஞ்சிகுடி ரீச்சர்:
வணக்கம். உயர்தர உயிரியலுக்குக் கூட்டு இலிப்பிட்டு, அதாவது கொழுப்பமிலத்தோடு பொஸ்பேற்று, வெல்லம் போன்ற வேறொரு கூறும் சேர்ந்த கொழுப்பு, எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயர்களைப் பிள்ளைகள் பாடமாக்கிவிடுகிறார்கள். ஆனால் ஸ்பிங்கோமயலினை ஒரு புத்தகம் பொஸ்போலிப்பிட்டுக்குள்ளும் இன்னொன்று ஸ்பிங்கோலிப்பிட்டுக்குள்ளும் போட்டிருப்பதைக் கண்டதும் குழம்பிப்போகிறார்கள். கொழுப்பும் புரதமும் சேர்ந்த இலிப்போபுரதம் கூட்டு இலிப்பிட்டுக்குள் வருமா என்பதிலும் இழுபறி. குழப்பமில்லாமல் பிரித்துக்காட்ட ஒரு வழி சொல்லுங்கள். அதோடு பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்யக்கூடிய ஒரு பரிசோதனையும் வேணும். அசற்றோன், எதனோல், அமோனியம் மொலிப்டேற்று, பன்சன் சுடரடுப்பு எல்லாம் இருக்கு.

வாவிக்கரை:
ரீச்சர், பட்டியலை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மூலக்கூறைப் பார்த்தும் இரண்டு கேள்வி கேட்கப் பழக்கினால் போதும். கொழுப்பமிலம் எதில் தொங்குகிறது, கிளிசரோலிலா ஸ்பிங்கோசின் என்ற நீண்ட சங்கிலி அமினோ அற்ககோலிலா? தலைப்பக்கம் இருப்பது பொஸ்பேற்றா வெல்லமா?

கிளிசரோலும் பொஸ்பேற்றும் என்றால் லெசிதின், கெபலின், கார்டியோலிப்பின். ஸ்பிங்கோசினும் பொஸ்பேற்றும் என்றால் ஸ்பிங்கோமயலின். ஸ்பிங்கோசினும் வெல்லமும் என்றால் செரிப்ரோசைட்டு, கங்கிளியோசைட்டு. கிளிசரோலும் வெல்லமும் சேர்ந்தவை பச்சையவுருமணியின் தைலக்கொயிட்டு மென்சவ்வில் நிறைந்து கிடக்கின்றன. ஆக உங்கள் இரண்டு புத்தகமும் சரிதான். ஒன்று தலையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது, மற்றது கொழுப்பமிலம் தொங்கும் இடத்தைப் பார்த்து வைத்திருக்கிறது.

தொழிலையும் இதே வழியில் சொல்லலாம். பொஸ்பேற்றுத் தலை நீரை நாடும், இரண்டு கொழுப்பமில வால்களும் நீரை வெறுக்கும், அதனால் வால்களை உள்ளே மறைத்து இரண்டு படைகளாக அடுக்கும் இரட்டைப்படை தானாகவே அமைகிறது. கார்டியோலிப்பினில் கொழுப்பமிலம் நான்கு. இழைமணியின் உள்மென்சவ்வுதான் அதன் இடம். நுரையீரலில் லெசிதினின் ஒரு வகை, இரண்டு வாலும் பாமிற்றிக் அமிலமாக இருப்பது, சிற்றறைகளின் பரப்பிழுவிசையைக் குறைக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு மூச்சு முட்டுவதன் முக்கிய காரணம் அது போதாமைதான். ஸ்பிங்கோசினும் வெல்லமும் உள்ளவற்றுக்கு வேலை பெரும்பாலும் கலத்தின் வெளிமுகத்தில், அடையாளம் காட்டுவது. செங்குழியத்தின் ஏ, பி குருதி வகை வேறுபாடு கடைசியில் ஒட்டும் ஒரேயொரு வெல்லத்தில் இருக்கிறது. கொலரா நச்சு குடற்சுவரில் பிடித்துக்கொள்வதும் ஜீஎம்1 என்ற கங்கிளியோசைட்டைத்தான்.

இலிப்போபுரதத்தைத் தனியாக வையுங்கள். அதில் புரதமும் கொழுப்பும் பங்கீட்டுப் பிணைப்பால் சேரவில்லை, அது ஒரு திரள். பிள்ளைகள் அதன் மேலுறையை இரட்டைப்படையாக வரைவார்கள், உடனே திருத்துங்கள். உள்ளே இருப்பது நீரல்ல, முக்கிளிசரைட்டும் (சாதாரண கொழுப்பு, எண்ணெய்) கொலஸ்ரோல் எசுத்தரும். அதனால் ஒரேயொரு படையே போதும், வால்கள் எல்லாம் உள்நோக்கி இருக்கும்.

கல்லடி இரசாயனம்:
பரிசோதனைக்கு முட்டை மஞ்சட்கரு போதும். அசற்றோனும் எதனோலும் பாவிக்கும் முதல் பாதி முடியும்வரை அந்த அறையில் எந்தச் சுடரும் இருக்கக் கூடாது.

ஒரு மஞ்சட்கருவை வெள்ளை படாமல் பிரித்து முகவையில் இடுங்கள். குளிர்ந்த அசற்றோன் 50 மில்லிலீற்றர் ஊற்றி, கண்ணாடிக்கோலால் 10 நிமிடம் கலக்கி, தெளிவை ஊற்றிவிடுங்கள். பிறகு 25 மில்லிலீற்றர் வீதம் இரண்டு தடவை. மஞ்சள் நிறம், நீர், முக்கிளிசரைட்டு, கொலஸ்ரோல் எல்லாம் அசற்றோனோடு போய்விடும். பொஸ்போலிப்பிட்டு அதில் கரையாது, புரதத்தோடு வெளிறிய உதிரியாகத் தங்கும். வடிதாளில் அழுத்தி அசற்றோனை நீக்கி, 95% எதனோல் 40 மில்லிலீற்றர் சேர்த்து, கேத்தலில் கொதித்த நீரை ஊற்றிய நீர்த்தொட்டியில் 10 நிமிடம் வைத்து வடியுங்கள். வடிதிரவத்தை அதே சூட்டில் ஆவியாக்கினால் மெழுகு போன்ற ஒட்டும் பொருள் மிஞ்சும். பெரும்பகுதி லெசிதின், தூயது அல்ல. திறந்து வைத்தால் காற்றுப் பட்டுக் கபில நிறமாகும், அன்றே பாவியுங்கள்.

அதில் குண்டூசித் தலையளவு எடுத்து வழுக்கியில் வைத்து, மூடித்துண்டால் அழுத்தி, ஓரத்தில் ஒரு துளி நீர் விட்டு, நுணுக்குக்காட்டியின் 10 மடங்குப் பொருள்வில்லையில் பாருங்கள். விளிம்பிலிருந்து குழாய் குழாயாக நெளிந்து வளரும். மென்சவ்வு ஏன் தானாக உருவாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி இல்லை.

களுவாஞ்சிகுடி ரீச்சர்:
மிச்சம் நன்றி சேர். பொஸ்பேற்று இருப்பதைக் காட்ட, சோடியமைதரொட்சைட்டில் கொதிக்க வைத்து நேரே மொலிப்டேற்று விட்டால் மஞ்சள் வருமா?

கல்லடி இரசாயனம்:
வராது ரீச்சர். காரம் கொழுப்பமிலங்களை வெட்டும், லெசிதினின் தலையில் பொஸ்பேற்றோடு ஒட்டியிருக்கும் கோலினையும் கழற்றும். பொஸ்பேற்று மட்டும் கிளிசரோலை விடாது. மொலிப்டேற்று சுயாதீன பொஸ்பேற்றோடுதான் தாக்கமுறும். (காரத்தோடு சூடாக்கும்போது எழும் மீன் வாடை கோலினிலிருந்து வரும் மூமெதைல் அமீன். அதுவே கோலினுக்கு ஒரு சோதனை, பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.)

எரித்துத்தான் பொஸ்பேற்றை எடுக்க வேண்டும். எதனோல் துளியும் மிச்சமில்லாத லெசிதின் 0.1 கிராமோடு, சோடியங்காபனேற்றும் பொற்றாசியம் நைத்திரேற்றும் கலந்த தூள் 1 கிராம். புடக்குகையில் கறுப்பு நீங்கும்வரை சூடாக்குங்கள். நைத்திரேற்று சட்டென்று பொறி பறக்கும், கண்ணாடி அணிந்து நீங்களே செய்யுங்கள். ஆறியபின் சுடுநீர் 5 மில்லிலீற்றரில் கரைத்து வடித்து, நுரைப்பு அடங்கும்வரை நைத்திரிக்கமிலம், அதற்கு மேலும் கொஞ்சம். பிறகு அமோனியம் மொலிப்டேற்று 3 மில்லிலீற்றர் விட்டு 60 பாகை அளவில் வைத்தால் மஞ்சள் வீழ்படிவு. கொதிக்க விட்டால் மொலிப்தனம் ஒட்சைட்டு வெள்ளையாக விழுந்து ஏமாற்றும். பக்கத்தில் தேங்காயெண்ணெய் 0.1 கிராமையும் இதேமாதிரிச் செய்யுங்கள். அதில் மஞ்சள் வராது: எளிய இலிப்பிட்டு, கூட்டு இலிப்பிட்டு வித்தியாசம் இரண்டு குழாயில் நிற்கும்.

கல்முனை ஆய்வுகூடம்:
இலிப்போபுரதத்துக்கு ஒரு காட்சி. கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த குருதியின் நீர்ப்பாயம் பால் மாதிரிக் கலங்கியிருக்கும், குடலிலிருந்து கொழுப்பைக் கொண்டுவரும் இலிப்போபுரதமான கைலோமைக்குரோன் அது. 4 பாகையில் இரவு முழுக்க வைத்தால் மேலே ஆடையாக எழும். கீழே உள்ளது தெளிந்திருந்தால் கைலோமைக்குரோன் மட்டும், கலங்கியே இருந்தால் மிகக் குறைந்த அடர்த்தி இலிப்போபுரதமான விஎல்டிஎல்லும் கூட. பாடசாலையில் குருதி எடுக்க வேண்டாம், படம் போதும்.

சம்மாந்துறை வயல்:
எங்கட பிள்ளைகளுக்குத் தெரிந்த இடத்திலிருந்து இரண்டு உதாரணம் ரீச்சர். பொஸ்பரசு குறைந்த வயலில் பயிர் கட்டையாகி, இலை கடும்பச்சையாகி, மட்டம் வெடிப்பது (அடியிலிருந்து பக்கத்தண்டு விடுவது) குறையும். அப்போது தாவரம் தன் மென்சவ்வுகளில் பொஸ்போலிப்பிட்டைக் குறைத்து, அந்த இடத்துக்குக் கலக்டோசுத் தலை கொண்ட இலிப்பிட்டைப் போட்டு பொஸ்பேற்றை மிச்சம்பிடிக்கும்.

மற்றது, வெட்டுக் காலத்தில் வரம்போரம் கிடக்கும் புடையன், அதாவது கண்ணாடி விரியன். அதன் நஞ்சிலுள்ள பொஸ்போலைப்பேசு ஏ2 என்ற நொதியம் லெசிதினின் இரண்டாம் காபனில் உள்ள கொழுப்பமிலத்தை வெட்டுகிறது. மிஞ்சும் ஒற்றை வால் லைசோலெசிதின் சவர்க்காரத்தின் தன்மையுள்ளது, மென்சவ்வைக் கரைக்கும். ஆனால் கடிபட்டவரின் இரத்தம் உறையாமல் போவதற்கு முக்கிய காரணம் இதுவல்ல, உறைதற் காரணிகள் 5ஐயும் 10ஐயும் தூண்டித் தீர்த்துவிடும் வேறு நொதியங்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடாதீர்கள்.