வீட்டுக்கு விலை சொல்லியாயிற்று, விற்பவர் பதில் சொல்லவில்லை: காத்திருப்பதா, விலகுவதா?

வாடகைவாசி:
அனைவருக்கும் வணக்கம். நெடுநாள் தேடலுக்குப் பிறகு எனக்கும் என் மனைவிக்கும் ஒருசேரப் பிடித்த ஒரு வீட்டுக்கு, விற்பவர் எதிர்பார்க்கும் தொகையைவிடச் சற்றுக் குறைவான விலையைத் தரகர் மூலம் எழுத்தில் தெரிவித்திருக்கிறோம். ஓரிரு நாளில் பதில் வந்துவிடும் என்று அன்று சொன்ன தரகர், இப்போது எப்போது கேட்டாலும் "குடும்பத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்" என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. வீடு உடன்பிறந்தவர்கள் மூவர் பெயரில் கூட்டாக இருக்கிறது. அவர்களில் ஒருவர் வெளிநாட்டில் வசிக்கிறார். முன்பணம் எதுவும் நாங்கள் கொடுக்கவில்லை. ஆனால் வங்கி அளித்திருக்கும் கடன் முன்னொப்புதலுக்குக் காலக்கெடு உண்டு என்பதால், இப்படியே எத்தனை காலம் இருப்பது என்று புரியவில்லை. இந்த மௌனத்தை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டுமா? விலையைக் கொஞ்சம் உயர்த்தினால் அவர்கள் மனம் இளகுமா? பதில் வராத நிலையில் வேறொரு வீட்டுக்கு விலை சொல்வது முறையாகுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நிலைப்படி:
வீட்டுத் தரகில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மறுக்க விரும்புகிற விற்பனையாளர் பெரும்பாலும் விரைவாகவே மறுத்துவிடுவார். தாமதம் என்பது பெரும்பாலும் அவர்களுக்குள்ளேயே முடிவு எட்டப்படவில்லை என்பதைத்தான் காட்டும். கூட்டு உரிமையில் உள்ள வீட்டை முழுமையாக விற்க மூவருமே கையொப்பமிட வேண்டும் என்பதால், இருவர் சம்மதித்து ஒருவர் தயங்கினாலும் உங்களுக்கு வந்து சேர்வது மௌனம்தான். இதைத் தவிர, வரும் நாட்களில் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்ன வேறு சிலருக்காக அவர்கள் பொறுத்திருக்கலாம். வீட்டின் மேல் அடமானம் இருந்தால், மீதிக் கடன் எவ்வளவு என்று வங்கி எழுதித் தருவதற்காகக் காத்திருக்கலாம். உங்கள் தொகையைக் காட்டி மற்றொருவரிடம் கூடுதலாகக் கேட்டுக்கொண்டிருக்கவும் கூடும். தரகர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றாலும், அரிதாக நடப்பதன்று.

ஆகவே தரகரிடம் "ஏதாவது தெரிந்ததா?" என்று பொதுவாகக் கேட்பதை நிறுத்திவிட்டு, எங்கள் கடிதம் மூவரின் கைக்கும் போய்ச் சேர்ந்ததா, எந்த நாளில் சேர்ந்தது, வேறு எவரேனும் எழுத்தில் விலை தந்திருக்கிறார்களா என்று தனித்தனியாகக் கேளுங்கள். கடிதம் வெளிநாட்டில் இருப்பவருக்கு இன்னும் அனுப்பப்படவே இல்லை என்று தெரியவரும் சந்தர்ப்பங்களும் உண்டு. விலையை உயர்த்துவதைப் பற்றி என் கருத்து உறுதியானது: பதில் வருவதற்கு முன் ஒரு ரூபாய்கூட ஏற்றாதீர்கள். அது எதிரில் ஆளில்லாத ஏலத்தில் தன் கேள்வியைத் தானே மிஞ்சிக் கேட்பதற்குச் சமம்.

ஏட்டுச்சுவடி:
சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வாடகைவாசி அஞ்சும் அளவுக்கு அது அவருக்குப் பாதகமாக இல்லை. ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில், மௌனம் சம்மதம் ஆகாது. 1862ஆம் ஆண்டின் ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி வழக்கில், "இனி உன்னிடமிருந்து தகவல் இல்லையென்றால் குதிரை எனக்கே என்று கொள்வேன்" என்று தம் உடன்பிறந்தவரின் மகனுக்கு எழுதியவர் தோற்றார். ஆகவே விற்பவர் வாய் திறக்காதவரை ஒப்பந்தம் என்று எதுவும் இல்லை. அவர்களும் கட்டுப்பட்டவர்கள் அல்லர், நீங்களும் கட்டுப்பட்டவர் அல்லர். முன்மொழிவில் காலக்கெடு குறிப்பிடாவிட்டால், நியாயமான காலம் கடந்ததும் அது தானாகவே காலாவதியாகிவிடும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் ஆறாம் பிரிவில் இதையே சொல்கிறது. எது நியாயமான காலம் என்பது பொருளையும் சூழ்நிலையையும் பொறுத்தது. அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு விட்டுவைக்காமல் நாமே ஒரு தேதி எழுதிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

வாடகைவாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. நாங்கள் கடிதத்தில் தேதி எதுவும் குறிப்பிடவில்லை. இப்போது ஒரு தேதியைக் குறிப்பிட்டு மறுகடிதம் எழுதினால், அந்தத் தேதிவரை நாங்கள் விலக முடியாமல் கட்டுப்பட்டுவிடுவோமா? மேலும், அவர்கள் எதிர்விலை ஒன்றைச் சொன்னால், எங்கள் பழைய விலை நிலைத்திருக்குமா?

ஏட்டுச்சுவடி:
முதல் கேள்விக்கு விடை நாட்டுக்கு நாடு மாறும். பொதுச் சட்ட மரபில், தனியாக ஒரு கைம்மாறு பெற்றுக்கொண்டு வாக்களித்திருந்தாலன்றி, தேதி குறித்திருந்தாலும் ஏற்புக்கு முன் விலகலாம். 1828ஆம் ஆண்டின் ரூட்லெட்ஜ் எதிர் கிராண்ட் வழக்கு ஏறத்தாழ உங்கள் கதைதான்: ஒரு வீட்டைப் பெற முன்வந்தவர், பதில் சொல்ல ஆறு வாரம் அவகாசம் தந்துவிட்டு, அதற்கு முன்பே விலகினார், விலகியது செல்லும் என்று தீர்ப்பாயிற்று. விலகும் செய்தி, ஏற்பு வருவதற்கு முன் அவர்களைச் சென்றடைய வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஆனால் பிரான்சின் உரிமையியல் சட்டப்படி, குறித்த காலம் முடியும்வரை முன்மொழிவைத் திரும்பப் பெறக் கூடாது. ஜெர்மனியில் நிலையே வேறு. அங்கே வீடு, மனை விற்பனை ஒப்பந்தம் நோட்டரி முன் எழுதப்பட்டால்தான் செல்லும். எனவே எழுதுவதற்கு முன் உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு, எதிர்விலை சொல்லப்பட்ட உடனேயே பழைய முன்மொழிவு இல்லாமல் போய்விடும். 1840ஆம் ஆண்டின் ஹைட் எதிர் ரென்ச் வழக்கில், 1,000 பவுண்டுக்குத் தரப்பட்ட பண்ணையை ஒருவர் 950 பவுண்டுக்குக் கேட்டார். அது மறுக்கப்பட்டதும், 1,000 பவுண்டே தருவதாகத் திரும்பி வந்தார். அந்த வாய்ப்பை அவரே தம் எதிர்விலையால் முறித்துவிட்டார் என்று கூறி, ஒப்பந்தம் ஏற்படவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது உங்களுக்கும் அவர்களுக்கும் சமமாகவே பொருந்தும்: அவர்கள் கூடுதலாகக் கேட்டு, நீங்கள் மறுத்த பிறகு, "சரி, முதலில் சொன்ன விலைக்கே தருகிறோம்" என்று வந்தால், அதை ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

மூன்றாம் கட்டு:
தேதி குறிப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எச்சரிக்கை போன்ற தொனியில் எழுதினால், ஏற்கெனவே தயங்கிக்கொண்டிருக்கும் அந்த ஒருவருக்கு மறுப்பதற்கு நல்ல காரணம் ஒன்றை நீங்களே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். பெற்றோர் வாழ்ந்த வீடாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அங்கே பேச்சு விலையைப் பற்றியதாகவே இல்லாமலும் இருக்கலாம். உங்கள் கடன் முன்னொப்புதல் இன்ன தேதியில் முடிகிறது என்பதையே காரணமாகச் சொல்லுங்கள். அது உண்மையும்கூட, யாரையும் புண்படுத்தாது. இன்னொரு வீட்டைப் பார்ப்பதிலோ விலை பேசுவதிலோ தவறே இல்லை, ஆனால் இரண்டிலும் எழுத்தில் முன்மொழிவு நிலுவையில் இருக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே நாளில் சம்மதித்துவிட்டால் பெரும் சிக்கலாகும். இரண்டாவதை எழுதுவதற்கு முன் முதலாவதை எழுத்தில் திரும்பப் பெறுங்கள், அல்லது இரண்டிலுமே "முறையான ஒப்பந்தம் கையொப்பமாகும்வரை இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது" என்ற வாசகத்தைச் சேருங்கள்.

வாடகைவாசி:
இப்படி எழுதியிருக்கிறோம்: "எங்கள் வங்கியின் முன்னொப்புதல் இம்மாத இறுதியில் முடிவதால், வரும் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் மூவரும் கையொப்பமிட்ட பதில் கிடைத்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்; அதற்குப் பின் எங்கள் முன்மொழிவு நடைமுறையில் இராது. முறையான ஒப்பந்தம் கையொப்பமாகும்வரை இது இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது." இது போதுமா?

நிலைப்படி:
வாசகம் நன்றாகவே இருக்கிறது. ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால், எந்த நாட்டு நேரப்படி மாலை 5 மணி என்பதை மட்டும் சேர்த்துவிடுங்கள். கையொப்பத்தை மின்னஞ்சலில் ஏற்பீர்களா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். தரகருக்குக் கொடுப்பதோடு நிற்காமல், மூவருக்கும் நேரடியாகப் படி அனுப்ப அவரிடமே முகவரி கேளுங்கள். அவர் தர மறுத்தால், கடிதம் இதுவரை எங்கே நின்றுகொண்டிருந்தது என்பது ஓரளவுக்குத் தெரிந்துவிடும்.